சோக்கு அண்ணன் பின்னால் போன கல்யாணக் கார்

எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்கு உப்புதான் காரணம் என்கிறார் டாக்டர். அவருக்குச் சோக்கு அண்ணனைத் தெரியாது.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. பழைய கார்களில் காலையில் இன்ஜினைக் கிளப்ப, சோக்கு என்று ஒரு குமிழை இழுப்பார்கள். அவர் அதை இழுத்துக் கிளப்புகிற சத்தத்தில்தான் எங்கள் ஊரான பத்து பெரண்டாமில் பாதிப் பேர் எழுந்து ஃபேக்டரி வேலைக்குப் போனார்கள். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது டிரைவரான இவரிடம் விட்டுப்போன கார் அது. தவளை உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்தத் துரை ஒருமுறை ரம்புத்தான் பழத்தைக் கொட்டையோடு விழுங்கி... சரி, அதை விடுங்கள்.

என் மகள் கவிதாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அண்ணன் கோலாலம்பூரிலிருந்து ஒரு சொகுசுக் கார் கொண்டுவந்தார். கறுப்பு. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கவிதா அதில்தான் கோயிலுக்குப் போவேன் என்றாள். அவள் பிறந்த அன்றே, "இவ கல்யாணத்துக்கு என் வண்டிதான்" என்று சொல்லிவைத்தவர் சோக்கு அண்ணன். பயந்து பயந்து அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நேராக வந்து அந்தக் காரின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

"ஸ்டெப்னி எங்க?"

"இதுக்குத் தேவையில்ல அங்கிள். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும்" என்றார் மாப்பிள்ளையின் அண்ணன்.

"சத்தமே காணோமே. உசுரு இருக்கா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு லா அங்கிள்!"

"என் வண்டி ஓடினா செர்காம் கடற்கரையில மீன் பிடிக்கிறவனுக்கும் கேக்கும். சரி, நான் முன்னாடி போறேன். பின்னாடியே வாங்க."

அங்கே பிடித்தது சனி. கோயில் புலாவ் செபாங்கில். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒடுங்கிய சாலை. எதிரே வரிசையாக லாரிகள். எங்களுக்கு முன்னால் மாட்டு வண்டி வேகத்தில், நடுரோட்டில், சோக்கு அண்ணன். முன்னால் வண்டி இருந்தால் எங்கள் கார் தானாகவே அடங்கிவிடுமாம். அத்தனை விலை கொடுத்து வாங்கிய கார், தவளையின் பின்னால் பவ்யமாக ஊர்ந்தது.

"ஹார்ன் அடிங்க தம்பி!" என்று காரை ஓட்டிய மாப்பிள்ளையின் அண்ணனிடம் கத்தினேன். அடித்தார். சோக்கு அண்ணன் ஜன்னல் வழியே கையை நீட்டி, சந்தோஷமாக ஆட்டினார்.

"அப்பா, முகூர்த்தம் போயிரும்பா!" என்று கவிதா அழாத குறை. கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வண்டியிலதானேப்பா ஸ்கூலுக்குப் போவேன். பாதி நாள் என்னையே இறங்கித் தள்ளச் சொல்லுவாரு." சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள். அலங்காரம் கலையும் என்று காலையிலிருந்து யாரையும் கிட்டே விடாதவள். கோயில் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் வாசலுக்கே ஓடிவந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார். மயிரிழையில் முகூர்த்தத்தைப் பிடித்தோம்.

தாலி ஏறியதும், சோக்கு அண்ணனை உண்டு இல்லை என்று ஆக்கக் கிளம்பினேன். மரத்தடியில் பானெட்டைத் திறந்துவைத்து, புகைகிற இன்ஜினுக்குத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, கொஞ்சம் வேகமா வந்தா என்ன?"

"அந்தக் காருல சர்ருனு வந்திருப்பீங்க. பிள்ளையக் கையில புடிச்சுக் குடுத்துட்டு, இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருந்திருக்கலாமேனு நிப்ப. எனக்குத் தெரியாதாடா?"

திட்ட வந்த வாயிலிருந்து "வாங்கண்ணே, சாப்பிடலாம்" என்று மட்டும் வந்தது.

"முதல்ல வண்டிக்குத் தண்ணி."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயில் குழாயடிக்கு நானே வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.