என் வீட்டுக்குள் வந்த யோசேப்பு

இனிமேல் என் மனைவி எழுதும் ஒரு வரியைக்கூடப் படிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான். ஊரார் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துவிட்டது. என் பெயரில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட வந்ததில்லை. அவளோ மூன்றே மாதத்தில் ஒரு நாவலை முடித்துவிட்டாள். வயிறு எரியாதா?

வேதாகமக் கதையைப் புதிதாகச் சொல்கிறாளாம். எகிப்தில் போத்திபார் என்று ஒரு பெரிய அதிகாரி. அவர் வீட்டுக்கு அடிமையாக வருகிறான் யோசேப்பு. அழகன். அதிகாரியின் மனைவியான எசமானி அவன்மேல் ஆசைப்படுகிறாள். நாவலில் அந்த எசமானியே கதை சொல்கிறாள்.

“கொஞ்சம் பிழை பாத்துக் குடுங்களேன். பதிப்பாளர் அவசரப்படுத்தறார்.”

“எனக்கு நேரமில்ல.”

“சரி, விடுங்க. யோசேப்ப நேர்ல பாத்தே எழுதின மாதிரி இருக்குன்னு பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னாங்க.”

“நேர்லயா? யாரை?”

“எனக்கு அடுப்புல வேலை இருக்கு,” என்று போய்விட்டாள்.

மறுநாள் கையெழுத்துப் பிரதி என் பைக்குள் இருந்தது. நான்தான் வைத்தேன். சபதமாவது ஒன்றாவது.

யோசேப்புக்கு இடது புருவத்தில் தழும்பாம். சிரித்தால் கன்னத்தில் குழியாம். மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அதே தழும்பு. போன மாதம் எங்கள் ஃபேனைக் கழற்றி மாட்ட இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டவன். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள் மனதில் இன்னொருவனா? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதிய இடைவேளை பூராவும் அவனைத் தேடி வரிவரியாகப் படித்தேன். ஒரு வாரம், முன்னூறு பக்கம். கையில் சிவப்புப் பேனா இல்லாமல் எனக்குப் படிக்க வராது. பேனா இருந்தால் கை சும்மா இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பிரதியை அவள்முன் போட்டேன்.

“சொல்லு, யாரு அந்த யோசேப்பு?”

அவள் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினாள்.

“முன்னூறு பக்கமும் திருத்திட்டீங்களே. ஒரு புள்ளி விடல.”

“பேச்ச மாத்தாத. அந்த எலக்ட்ரீஷியன்தானே?”

“புருவம் அவரோடது. குழி ஏதோ காலண்டர்ல பாத்தது. மத்ததெல்லாம் கற்பனை. இப்படி எழுதலேன்னா நீங்க படிச்சிருப்பீங்களா?”

மானம் போனது. ஆனால் உயிர் வந்தது. அவள் மனதில் வேறு யாரும் இல்லை, எனக்கு அது போதும்.

“அப்ப யாரையும் நேர்ல பாத்து எழுதலையே?”

ஒரு பக்கம் வந்ததும் அவள் புரட்டுவதை நிறுத்தினாள். ஓரத்தில் என் சிவப்பு எழுத்து. அதை உரக்கப் படித்தாள்: “‘போத்திபார் பாத்திரம் நம்பும்படி இல்லை. இப்படி ஒரு மடையன் உலகத்தில் இருப்பானா?’”

“சரியாத்தானே எழுதியிருக்கேன்?”

“இத மட்டும் மாத்த முடியாதுங்க. அவர நேர்ல பாத்துத்தான் எழுதினேன்.”