கனெக்டிங் ராடும் கறுப்புக் கண்ணாடியும்

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டால் தன் முகத்தில் உள்ள எதுவும் பிறருக்குத் தெரியாது என்று நம்புகிற ஆண்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்த நம்பிக்கையை வைத்தே பெரிய ஆளாகிவிடுகிறார்கள். நான் அதை வைத்து இருபது கனெக்டிங் ராடுகளைக் கொன்றேன்.

திருத்தணியை விட்டு அரக்கோணம் சாலையில் கொஞ்சம் போனால் நான் வேலை பார்த்த ஃபோர்ஜிங் தொழிற்சாலை. வேன் எஞ்சினுக்குள் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடுகிற இரும்புக் கைதான் கனெக்டிங் ராட். உருக்குத் துண்டை உலையில் காய்ச்சி, அச்சில் வைத்து, ராட்சத சம்மட்டி இயந்திரத்தால் அடித்து அதை உருவாக்குவோம். (அடிக்கிற அடியில் எதிர் டீக்கடை டம்ளர்கள் தாமாகவே மேஜை மாறும். ஆனால் அளவு மட்டும் தலைமுடி அகலம்கூடப் பிசகக் கூடாது.) எல்லாம் சூட்டின் கையில். ஆரஞ்சு நிறத்தில் எடுத்தால் உருக்கு சொன்னபடி கேட்கும். வெள்ளை நிறம் வரை விட்டால் கருகிப் போனது என்று அர்த்தம்.

சூட்டை அளக்கிற கருவி அந்த வாரம் பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்தது. மீதி இருந்தவை பாஷா பாயின் கண்களும் என் கண்களும். பாஷா பாய் அந்த உலை முன்னால் இருபது வருடம் நின்றவர். நான் டிப்ளமோ முடித்துப் பத்து மாதம் நின்றவன். ஆகவே முடிவெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

அந்த வாரம்தான் சோதனை ஓட்டமும் வந்தது. ராடு வாங்கப்போகும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் மேடம் முன்னால் இருபது ராடு அடித்துக் காட்ட வேண்டும். அது தேறினால் ஆர்டர். ஆர்டர் வந்தால் என் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பெண் பார்க்கவே வரலாம் என்று அம்மையார்குப்பத்தில் எட்டு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். (அவர் மகளின் போட்டோ என் பர்சில் அதற்கு முன்பே நிரந்தரமாகியிருந்தது.)

அன்று காலை கண் விழித்தேன் என்று சொல்ல முடியாது. ஒட்டிக்கிடந்த இமைகளை வெந்நீர் விட்டுப் பிரித்தேன். மெட்ராஸ் ஐ. லீவு போட்டால் என் இடத்தில் வேறொருவன் நின்று பெயர் வாங்கிவிடுவான். பஜாரில் இருப்பதிலேயே கறுப்பான கண்ணாடியாகப் பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டு போனேன்.

"இன்னா சாரு, ஷூட்டிங்கா?" என்றார் பாய்.

"சேஃப்டி பாய். உலை வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது."

"பத்து மாசமா ஆச்சே சாரு?"

நல்லவேளை, அதற்குள் மேடம் வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் மேனேஜரிடம், "பரவாயில்லையே, கண்ணுக்குப் பாதுகாப்பு போட்டுக்கற ஆளை இங்கதான் பாக்கறேன்" என்றார். மேனேஜர் அன்றுதான் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். இனி கண்ணாடியைக் கழற்றுவது என்பது நடக்காத காரியம்.

இருபது துண்டுகளும் உலைக்குள் போயின. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் மழையில் நனைந்த செங்கல் மாதிரி தெரிந்தன.

"சாரு, பதம் வந்துகினு கீது. எடுத்துரலாமா?"

"இல்ல பாய், சிவப்பாத்தான் இருக்கு."

கொஞ்ச நேரம் போயிற்று. "மஞ்சளாய்டுச்சு சாரு."

"எங்க பாய் மஞ்சள்? இப்பதான் ஆரஞ்சே எட்டிப் பாக்குது."

"சாரு, வெள்ளை சாரு! சுண்ணாம்பு மாதிரி கீது. அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டு ஒரு தபா பாரு சாரு."

"எனக்குத் தெரியும் பாய். படிச்சிட்டுத்தான வந்திருக்கேன்." (சொன்ன வாயை இன்றும் அவ்வப்போது கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன்.)

கடைசியில் எனக்கும் ஆரஞ்சு தெரிந்தது. எடுக்கச் சொன்னேன். பாய் இடுக்கியால் முதல் துண்டை வெளியே இழுத்ததும் தீபாவளி ஆரம்பித்தது. கம்பி மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. மேடம் நான்கடி பின்வாங்கினார். அச்சில் வைத்து ஓர் அடி. பொறை பிஸ்கட்டைச் சுத்தியலால் தட்டியதுபோல் உருக்கு உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மற்ற பதினேழை அடித்துப் பார்க்கும் சிரமமே இல்லை. அவை உலைக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்டுக் குடும்பமாகியிருந்தன.

மேடம் என்னிடம் வந்தார். "எந்தக் கலர்ல எடுத்தீங்க?"

"ஆரஞ்சு, மேடம்."

"கண்ணாடியக் கழட்டுங்க."

கழற்றினேன். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மெட்ராஸ் ஐ பார்வையிலேயே தொற்றும் என்பது நம் பக்கத்து மருத்துவம். மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி என்னைத் திட்டினார். "உன்னையெல்லாம் எவன்யா வேலைக்கு எடுத்தான்?" (அவர்தான் எடுத்தார். கேள்வி காலண்டருக்குப் போனதால் நான் பதில் சொல்லவில்லை.)

பாய் மட்டும் என் கண்ணை நேராகப் பார்த்தார். "நான் பாக்கலாம் சாரு. எனக்குப் போன மாசமே வந்து போச்சு."

மேடம் இரக்கப்பட்டு அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். ஒரே நிபந்தனை, நான் உலைப் பக்கம் வரக் கூடாது. பாய் தன் இஷ்டப்படி எடுத்தார், இருபதும் தேறின. ஆர்டர் வந்தது. என்னையும் நிரந்தரமாக்கினார்கள். ஸ்டோர்ஸில்.

பெண் பார்க்க அம்மையார்குப்பம் போனோம். எங்களுக்கு முந்தின பஸ்ஸிலேயே கதை போய்ச் சேர்ந்திருந்தது. பெண்ணின் அப்பா பஜ்ஜிக்கு முன்னால் இரண்டு நூல் கண்டுகளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"தம்பி, இதுல எது அரக்கு, எது மெரூன்?"

வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தேன். "ரெண்டும் சிவப்பாத்தாங்க தெரியுது."

என் அப்பா தரையைப் பார்த்தார். பெண்ணின் அப்பா நூலை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். எங்களை எப்படி மரியாதையாக அனுப்புவது என்று வாக்கியம் தேடுகிறார் என்பது புரிந்தது. அப்போது உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கலரு நான் சொல்லிக்கறேன் நைனா. சொன்னா கேப்பாரான்னு மட்டும் கேளுங்க."

"ஆங், கேப்பேங்க!" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

இருபத்து மூன்று வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரில் போனால் ஒவ்வொரு சிக்னலிலும் என் மனைவி அறிவிப்பாள்: "சிவப்பு. நில்லுங்க." பிறகு, "பச்சை. போங்க." பின்சீட்டில் புதிதாக ஓர் உறவினர் உட்கார்ந்திருந்தால், இந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவில் முழுக் கதையும் சொல்லி முடிக்கப்படும். அவள் வராத நாட்களில் அந்தப் பொறுப்பைப் பின்னால் நிற்கும் லாரிக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் 'போங்க' என்றெல்லாம் மரியாதை வைப்பதில்லை.