வடக்குத்திர வீதியில் மூன்று வேகத்தடைகள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது சொன்னது காதில் சரியாக விழவில்லை என்றால் திருப்பிக் கேட்க மாட்டேன். கூச்சம். விழுந்ததை வைத்துக்கொண்டு மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். டீக்கடையில் இப்படிச் செய்தால் டீக்குப் பதில் காபி வரும், குடித்துவிடலாம். சாலை வேலையில் செய்தால் என்ன வரும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பத்தாவது முடித்துவிட்டுச் சாலைப் பணியாளராகச் சேர்ந்தவன். சொந்த ஊர் வையம்பட்டி. ரொம்ப வருஷம் கே.கே. நகர் பக்கம் குழி மூடிக்கொண்டிருந்தேன். (பத்துக் குழி இருந்தால் நாலு குழிக்குத்தான் தார்க்கலவை வரும். எந்த நாலு என்று முடிவு செய்வதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமானது.) என்னை ஸ்ரீரங்கத்துக்கு மாற்றிய அதே வாரம் அங்கிருந்த மேஸ்திரி லீவில் போய்விட்டார். "அவர் வர்ற வரைக்கும் நீங்க பார்த்துக்குங்க செல்வராசு" என்றார் ஏ.ஈ. மேடம். அவர்தான் எங்கள் உதவிப் பொறியாளர். லீவில் போன மேஸ்திரி சீக்கிரமே ஓய்வு பெறுகிறவர், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அந்த வேலையே எனக்கு வந்துவிடும் என்று பேச்சு. வீட்டில் அன்று பாயசம்.

மறுநாள் காலை மேடம் போன் செய்தார். பஸ் காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஹாரன், பின்னால் ஹாரன்.

"செல்வராசு, வடக்கு… த்திர வீதியில மூணு ஸ்பீட் பிரேக்கர் இருக்குல்ல, இன்னிக்கே எடுத்துடணும். பொக்லைன் அரை நாளைக்குத்தான் சொல்லியிருக்கேன். திரும்பக் கேட்டா ஃபண்ட் கிடையாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மேடம்."

விசாரித்துக்கொண்டு போனேன். வடக்கு உத்திர வீதி. வேகமாகச் சொன்னால் வடக்குத்திர வீதிதானே. எண்ணிப் பார்த்தேன், சரியாக மூன்று வேகத்தடை. போன மாதம்தான் வெள்ளைக் கோடு போட்டு, மாப்பிள்ளை மாதிரி இருந்தன. பொக்லைன் வந்தது. ஆரம்பித்தோம்.

எங்கள் கூட்டத்தில் பாப்பாத்தி அக்கா என்று ஒருவர். மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார். "ஏன் தம்பி, நல்லாத்தானே இருக்கு. இதை ஏன் பேத்தெடுக்குறோம்?"

"மேடம் சொன்னாங்கக்கா."

"ஏன்னு கேட்டியா?"

"சொன்னாங்கக்கா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடையை எடுத்தார்.

மூன்றாவதும் பெயர்ந்து, தரை வழுவழுவென்று ஆனபோது, எதிர் வீட்டிலிருந்து நெற்றியில் திருமண்ணோடு ஒரு பெரியவர் வந்தார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ரங்கராஜன் மாமா.

"ஏம்ப்பா, என்ன பண்ணிண்டிருக்கேள்?"

"ஸ்பீட் பிரேக்கர் எடுக்கிறோங்க."

"அது தெரியறது. எதுக்கு?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

"நாளைக்குத் தேருக்காகவா?"

அப்பாடா, ஒரு காரணம் கிடைத்தது. "ஆமாங்க. தேருக்குத்தாங்க."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "தைத் தேர்தாம்ப்பா இங்க வரும். நாளைக்குச் சித்திரைத் தேர். பெருமாள் சித்திர வீதியிலன்னா எழுந்தருள்வார்?"

உத்திர. சித்திர. ஒரே ஒரு 'சி'. அதைப் பாலத்து ஹாரன் தின்றிருக்கிறது. திருச்சி ஜில்லாவில் பிறந்த சின்னக் குழந்தைக்குக்கூட எந்தத் தேர் எங்கே ஓடும் என்று தெரியும். மேஸ்திரியாகப் போகிறவனுக்குத் தெரியவில்லை.

வடக்குச் சித்திர வீதிக்கு ஓடினேன். அங்கேயும் மூன்று. ஒவ்வொன்றும் எருமை படுத்திருப்பது போல நிம்மதியாகக் கிடந்தது. திரும்பி ஓடி வருவதற்குள் பொக்லைன் கிளம்பிவிட்டது. டிரைவருக்கு மதியம் உப்பிலியபுரத்தில் வேலையாம்.

மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், முடிச்சாச்சுங்க."

"வெரி குட்."

"வேற தெருவுல முடிச்சாச்சுங்க மேடம்."



"எந்தத் தெரு?"

சொன்னேன்.

"நாளைக்கு அத்தனை ஜனம் வடம் பிடிச்சு இழுத்துட்டு வந்து, தேர் உங்க ஸ்பீட் பிரேக்கர்ல முட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"வேண்டாங்க மேடம்."

"இனிமே மெஷினுக்கு வழியே இல்லை. கடப்பாரை இருக்கா?"

"இருக்குங்க."

"கை இருக்கா?"

"இருக்குங்க."

"ஆரம்பிங்க."

ஆறு பேர், ஆறு கடப்பாரை, சித்திரை வெயில். இளகின தார் அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டு கடப்பாரையைத் திருப்பித் தரமாட்டேன் என்றது. ரங்கராஜன் மாமா ஒரு குடம் நீர்மோரோடு வந்து, வேலை முடியும்வரை நிழலில் நின்று எங்கே குத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பாத்தி அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அடுத்த வாட்டி காது கேக்கலைன்னா எங்கிட்டச் சொல்லு தம்பி. நான் சத்தமா கேக்குறேன்." விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தரை மட்டமானது. என் உள்ளங்கையில் தோல் இல்லை.

மறுநாள் தேர் அந்தத் தெருவில் திரும்பியது. நான் பெருமாளைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தேன். முதல் இடத்தைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவது இடத்தில் நின்றது. எனக்கு உயிர் நின்றுவிட்டது. (வடம் பிடித்தவர்கள் மூச்சு வாங்க நின்றார்களாம். இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.) பிறகு நகர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் "ரங்கா" என்று கும்பிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். மேஸ்திரி வேலை பாப்பாத்தி அக்காவுக்கு என்றார். அது நியாயம்தான், எதிர்பார்த்தேன். அடுத்ததை எதிர்பார்க்கவில்லை.

"உத்திர வீதியில ஸ்கூல் பிள்ளைங்க போகுது. பைக்கெல்லாம் பறக்குதுன்னு மனு வந்திருக்கு. திரும்பப் போட அடுத்த வருஷம்தான் ஃபண்ட். அதுவரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் நீங்க போய் நில்லுங்க."

"நின்னு என்ன செய்யணுங்க?"

"ஸ்பீட் பிரேக்கர் என்ன செய்யும்? அதைச் செய்யுங்க."

கையில் சிவப்புக் கொடியோடு ஒரு வருஷம் நின்றேன். யாரிடமும் "மெதுவாப் போங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பதால், நடுரோட்டில் சும்மா நின்றேன். அது நன்றாகவே வேலை செய்தது. மனுக்கள் நின்றன. பள்ளிப் பிள்ளைகள் "குட்மார்னிங், ஸ்பீட் பிரேக்கர் அங்கிள்" என்றார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்று என் மனைவியின் தங்கை மகள். அப்படித்தான் விஷயம் வீடு வந்து சேர்ந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கூடத்தில் குறுக்கே படுத்தால், கல்யாணமான என் மகள் வாயாலேயே கிரீச்சென்று பிரேக் போட்டு நின்று, மெதுவாக என்னைத் தாண்டி, பிறகு வேகம் எடுத்துப் போகிறாள். புதிதாக வந்த மாப்பிள்ளை முதல் மாதம் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார். இப்போது அவரும் கியர் மாற்றுகிறார்.