லீலாவதியின் கேள்விக்கு மாட்டிய டேக்

சுங்கை சோவில் இருக்கும் மச்சான் காளியண்ணன் அவர்களுக்கு, அசாம் ஜாவாவிலிருந்து இருசப்பன் கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம். அங்கே தங்கச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சொல்லச் சொல்ல மருமகள் லீலாவதி கம்ப்யூட்டரில் தட்டுகிறாள்.

விஷயம் என்னவென்றால் மச்சான், நேற்று ஆடித் திருவிழாவில் அப்பளசாமி கைக்கு மைக் போகவில்லை. ஆத்தா காப்பாத்திட்டா. போன வருஷம் கோயில் தலைவர் என்று அர்ச்சனைப் பேர் வாசிக்க வந்தவர், எழுபத்து நாலில் தோட்டத்து டிவிஷன்களுக்குள் நடந்த பந்து விளையாட்டில் தான் போட்ட கோலைப் பத்தியே பேசினாரே, அது ஆபீஸில் கணக்கெழுதுற கிராணி முதுகில் பட்டு உள்ளே போன பந்து, நான் அங்கேதான் நின்றேன். அதனால்தான் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "என் மருமக கம்ப்யூட்டர்ல புரோகிராம் ஒண்ணு எழுதியிருக்கு, பேரையெல்லாம் அதுவே வாசிக்கும்"னு சொல்லிட்டேன். "வாசிக்கலன்னா மைக் எனக்குத்தான்லா, இருசப்பா"ன்னு அப்பளசாமி சிரிச்சார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் அது ஊமையாயிடுச்சு. திரையில் பேர் ஓடுது, சத்தம் வரல. புரோகிராம் எழுதுறவங்க ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்கிற இடம் இன்டர்நெட்டில் இருக்காம். கேள்விக்கு டேக் மாட்டணுமாம், எதைப் பத்தின கேள்வின்னு காட்டுற சீட்டு. அதைப் பார்த்துத்தான் தெரிஞ்ச ஆள் வருவாங்க. லீலாவதி 'புரோகிராம்' என்று ஒன்றை மட்டும் மாட்டினாள். ஒரு ஈ கூட வரல. "மொட்டையா சொன்னா யாரும்மா வருவா? ஐயர்கிட்ட அர்ச்சனைக்குச் சொல்ற மாதிரி ஊர், பேர் எல்லாம் விவரமா சொல்லு"ன்னேன். "அது அப்படி இல்ல மாமா"ன்னா. நான் விடல. அசாம் ஜாவா, மாரியம்மன் கோயில், ஆடித் திருவிழா, அப்பளசாமி தொல்லைன்னு நாலையும் மாட்ட வெச்சேன்.

உடனே ஒருத்தன் வந்தான், பதில் சொல்ல இல்ல, திட்ட. "இந்த டேக்கை உலகத்துல உன்னைத் தவிர எவன் தேடுவான்?"னு எழுதிட்டு, நம்ம ஊரையும் ஆத்தாளையும் அழிச்சுட்டான் மச்சான்! "அவன் எந்த ஊர்க்காரன், கேளு!"ன்னு எழுந்துட்டேன். "மாமா, சும்மா உட்காருங்க"ன்னா. அப்புறம் அவனே ரெண்டு மாட்டினான்: இவ எழுதின கம்ப்யூட்டர் பாஷையோட பேர் ஒண்ணு, எழுத்தைப் பேச்சா மாத்துறதுன்னு ஒண்ணு. நான் தேத்தண்ணியை ஆத்தி முடிக்கல, எங்கேயோ இருக்கிற ஓர் அம்மா பதில் போட்டுட்டாங்க. அவங்க சொன்னபடி லீலாவதி ஒரு வரியை மாத்தினதும், வீடே அதிர "காளியண்ணன், சித்திரை நட்சத்திரம்"னு உங்க பேரை வாசிச்சது பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நேத்து அப்பளசாமி வாயைத் திறந்தது பாயாசம் குடிக்கத்தான்.

உங்க பேரில் உடைத்த தேங்காய் பளிச்சென்று இருந்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் நல்லா இருக்க ஆத்தா துணை.

இப்படிக்கு,
இருசப்பன்
(கைநாட்டு வைக்க இதில் இடம் இல்லை என்கிறாள்.)

பி.கு.: இப்போதுதான் கமிட்டி ஆள் வந்துட்டுப் போனார். மெஷின் ரொம்பப் பிடிச்சுப் போச்சாம், இனிமே தினமும் காலையும் மாலையும் வாசிக்கணுமாம். ஆனா அதுல பேசுற பொம்பளைக் குரல் வெள்ளைக்காரி தமிழ் பேசுற மாதிரி இருக்காம். நம்ம ஊர்க் குரல் ஒன்றைப் பதிவு பண்ணி வைக்கலாமான்னு கேட்டதுக்கு, தாராளமா வைக்கலாம்னு லீலாவதி சொல்லிட்டா. தலைவர் அப்பளசாமி தொண்டைக்கு வெந்நீர் குடிச்சுட்டு இங்கே கிளம்பிட்டாராம். வாசல்ல யாரோ தொண்டையைச் செருமுற சத்தம் கேக்குது மச்சான்.