சுடுகின்ற கல்

ஜெர்மனியின் ஆஹென் நகரிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போனால் காட்டோரத்தில் ஒரு நெடுங்கல். நட்டவர்கள் போய் நாலாயிரம் வருஷம் ஆகிறது. பின்னால் வந்த பாதிரிகள் அதன் தலையில் சிலுவை செதுக்கினார்கள். 1969இல் சேதுராமன் வந்து திருநீறு பூசினான். கல் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

சேதுராமன் ஆஹெனுக்குப் படிக்க வந்து, பரீட்சைகளில் தோற்றுச் சுவாமியானவன். ஓடையின் பனிநீர் என்று பிளாஸ்கிலிருந்து கல்லின் மேல் ஊற்றுவான். அருள் கிடைத்தவருக்குக் கல் சுடும். சுட்டது. ஆவிகூடப் பறந்தது. கொதிகலன் ஆராய்ச்சிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலுவையைப் பார்த்துக் கிறிஸ்தவ மாணவர்களும் மண்டியிட்டார்கள். அருளில் மதபேதம் இல்லை, காணிக்கையிலும் இல்லை.

பாலச்சந்திரனுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் ஊருக்குக் கப்பல். எழுதாமல் விட்டாலும் அதே கப்பல். போன வாரம் ஆப்பிள் வைத்தான். கல் ஜில்லிட்டது. எழுதாதே என்று சுவாமி பொருள் சொன்னான். இந்த வாரம் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருக்கிறான்.

பாடம், வெப்பக் கடத்தல்.

சுவாமி சிவப்புப் பிளாஸ்கை எடுத்தான். வேடிக்கை பார்க்க வந்திருந்த, வேதியியல் ஆய்வகத்து நாகலட்சுமி குறுக்கே வந்து நின்றாள்.

"சேது, அது என்ன தண்ணி?"

"ஓடைத் தண்ணிம்மா. கை வெச்சா விறைச்சுடும்."

"எனக்குக் கொஞ்சம் தீர்த்தம் குடு."

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை. அவள் நீட்டிய டம்ளரில் ஊற்றினான். அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு தேயிலைப் பையை எடுத்து அதில் போட்டாள்.

முப்பது தலைகள் டம்ளருக்குள் குனிந்தன. பனிநீர் சிவந்தது. அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

"சக்கரை இருந்தா தேவலை."

இதுவும் அருள்தான் என்று சுவாமி ஆரம்பித்தான். ஒரு பக்தர் அதற்குள் தன் டம்ளரை நீட்டிவிட்டார், பால் உண்டா என்ற கேள்வியோடு.

பாலச்சந்திரன் சுவாமியின் பையைப் பார்த்தான். உள்ளே நீல நிறத்தில் இன்னொரு பிளாஸ்க்.

"போன வாரம் எனக்கு ஊத்தினது இது," என்றான் மெதுவாக.

நாகலட்சுமி நீலத்தைத் திறந்து கல்லின் மேல் ஊற்றினாள். எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். ஜில்.

சிரிப்பு கிளம்பி ஓடைவரை போனது. சுவாமி அதற்கும் முன்னால் போயிருந்தான்.

பாலச்சந்திரன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கேட்டான்: "அக்கா, அப்போ நான் பரீட்சை எழுதலாமா?"

"அதையும் கல்லுகிட்டயே கேளேன்."

அவன் கேட்கவில்லை. பேருந்து பிடிக்க ஓடினான்.

கல் நாலாயிரம் வருஷமாக யோசிக்காமல் நிற்கிறது. அது கல், நிற்கட்டும். யோசிக்காமல் நிற்க நமக்கென்ன கேடு?