ஷிஜியின் கமாக்களும் புனித ஹார்லோவும்

மேலேக்குன்னு வீடு,
பாலா வழி.
கர்க்கடக மாதம், விடாத மழை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அளியன் குருவிளா அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கை ஷிஜியைக் கட்டிய புன்னூஸ் எழுதிக்கொள்வது. தெய்வ கிருபையால் இங்கே நானும் ஷிஜியும் என் அப்பச்சனும் பசுவும் சுகம். அயர்லாந்தில் நீங்களும் சேச்சியும் பிள்ளைகளும் அந்தக் குளிரோடு சமாதானமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் ஷிஜி காதில் விழும். இது அவள் காதில் விழக் கூடாத சங்கதி.

அங்கே நர்ஸ் வேலைக்கு வர அவள் எழுதும் இங்கிலீஷ் பரீட்சை பற்றி உங்களுக்குத் தெரியும். பேசச் சொன்னால் பேசுகிறாள், கேட்டால் புரிந்துகொள்கிறாள், எழுதுவதில் மட்டும் திரும்பத் திரும்பக் கவிழ்கிறாள். காரணம் கமா. ஆஸ்பத்திரியில் உங்கள் தங்கை ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. அதே கை இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் ஒரு வார்த்தையை விட்டுவைக்காமல் கமாவால் குத்திவிடுகிறது. பயிற்சி வகுப்பு சாபு சார் அவள் எழுதியதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஷிஜி, இது லெட்டரா, இல்ல கடுகு தாளிச்சுக் கொட்டினதா?" என்று கேட்டாராம்.

"போடாம விட்டு மார்க் போயிட்டா என்ன பண்றது சாரே? பயமா இருக்கு."

"பயத்துல போடறதுக்கு அது என்ன விபூதியா? எழுதினத வாய்விட்டுப் படி. எங்க நிறுத்தலைன்னா அர்த்தம் கெட்டுப்போகுமோ, அங்க மட்டும் நிறுத்து. அங்க போடு. மத்த இடத்துல கையக் கட்டிக்கிட்டு உக்காரு."

சொல்வது அவருக்குச் சுலபம். ஆஸ்பத்திரி வேலை முடிந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கப்பைக் கிழங்கை வேகப் போட்டுவிட்டு அவள் வாய்விட்டுப் படிக்கக் கிடைக்கிற நேரம் சாயங்கால ஜெபம் முடிந்த உடனேதான். அந்த நேரத்தில் எங்கள் அப்பச்சன் பாயில் ஜெபமாலையோடு பாதித் தூக்கத்தில் இருப்பார். பிறந்ததிலிருந்து மன்றாட்டு மாலையில் புனிதர் பேர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிப் பழகிய வாய். எதிரே ஒரு பெண்குரல் ராகம் போட்டு ஓர் இடத்தில் நின்றால் போதும், தூக்கத்திலேயே பதில் வந்துவிடும். சாபு சார் கொடுத்த பயிற்சிக் கடிதம் ஹார்லோ என்ற இங்கிலாந்துக் கிழவரைப் பற்றியது. குளியலறையில் வழுக்கி விழுந்தவர். அவரை இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது நர்ஸ் எழுதும் கடிதம்.

"அப்பச்சா, ஜெபம் முடிஞ்சுபோச்சு. இது பரீட்சைக்குப் படிக்கறது" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"படி மோளே, படி. யாரு வேண்டாம்னா?"

எழுபது வயதான ஹார்லோ அவர்கள் என்று படித்து ஒரு கமாவில் நின்றாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் அப்பச்சன்.

மனைவியை இழந்தவர். வேண்டிக்கொள்ளும். சர்க்கரை வியாதிக்காரர். வேண்டிக்கொள்ளும். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அதற்கும் வேண்டிக்கொள்ளும். ஷிஜி காகிதத்தைப் போட்டுவிட்டு அடுக்களைக்கு வந்து என்மேல் பாய்ந்தாள்.

"இச்சாயா, உங்க அப்பன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரு வரி முழுசாப் படிக்க முடியல!"

"நீ ஏன்டி நிறுத்துற? நிறுத்தினாத்தானே அவர் ஆரம்பிக்கிறாரு. நிறுத்தாமப் போ."

ஒரு வீட்டுக்காரன் சொல்லக்கூடிய நியாயமான யோசனைதான் அது. அதற்குக் கரண்டி பறந்து வந்தது. விடுங்கள், அது நம் குடும்ப விஷயம்.

பெரிய கூத்து இனிமேல்தான். இந்த மாதம் பங்குக் கோயிலின் வார்டு ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. மழையையும் பார்க்காமல் வார்டே வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஏத்தன் வாழைக்காய் அப்பத்துக்கு அப்படி ஒரு பேர். வீட்டுக்காரிதான் மன்றாட்டு மாலை சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஷிஜி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, நனைந்த தலையில் துணியைப் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றாள். ஜெபப் புத்தகத்தைத் திறந்தாள். உள்ளே அவள் செருகி வைத்திருந்த ஹார்லோ இருந்தார். அரைக் கண்ணை மூடியபடி, தினமும் படித்த அதே ராகத்தில், இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டாள்.

யாராவது ஒருத்தர் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும் அல்லவா? பார்க்கவில்லை. பழைய சுறியானி பாஷையில் பாட்டுப் பாடி, அர்த்தம் தெரியாமலே கண்ணீர் விடுகிற கூட்டம் அளியா நம்முடையது. புரியாத பாஷை என்றால் பக்தி இரண்டு மடங்கு. முதல் கமாவிலேயே வீடு அதிர, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" ஷிஜி விழித்துக்கொண்டாள். அவள் கழுத்து சிவந்ததைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். ஆனால் எதிரே பங்குக் குரு விகாரி அச்சன் கைகூப்பி நிற்கிறார், எப்படி நிறுத்துவாள்? ஹார்லோவின் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால், அவர் வளர்க்கும் பூனை எல்லாவற்றையும் பார்த்து வார்டு மொத்தமும் உருக்கமாக மன்றாடியது. கடைசி வரி, ஹார்லோவைத் தனியாக வீட்டில் விட்டுவிட வேண்டாம் என்பது. அதில் கமா போட்டு நிற்க இடமே இல்லாததால் எல்லோரும் காத்திருந்தார்கள். அச்சன்தான் ஆமென் சொல்லி முடித்துவைத்தார்.

அப்பம் தின்னும்போது அச்சன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "புன்னூசே, அந்த ஹார்லோ எந்த நாட்டுப் புனிதர்? நான் கேள்விப்பட்டதில்லையே."

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஷிஜி கண்ணாலேயே என்னைக் கும்பிட்டாள். பெண்டாட்டி கும்பிடுவது ஒருவனுக்கு அடிக்கடி கிடைக்கிற பாக்கியமா?

"இங்கிலாந்துப் பக்கம் அச்சோ" என்றேன். "முழங்கால் வலிக்கு விசேஷம்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முழங்கால் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டு ரோசக்குட்டி சேச்சி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வாரமே பூவன் பழக் குலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். ஏறியதுதான் சாட்சியாம். "புனிதர்கிட்ட நேர்ந்துக்கிட்டேன் புன்னூசே, வலி போன இடம் தெரியல! படம் ஏதாவது இருக்கா?" பிறகு அவள் நாத்தனார் வந்தாள். நாத்தனாரின் சம்பந்தி ஜீப் பிடித்து வந்தார். ஷிஜி ஹார்லோவை எடுத்துப் படிக்க உட்கார்ந்தால் திண்ணமாக இரண்டு பேராவது பாய் கேட்டு முழங்காலில் நிற்கிறார்கள். அப்பச்சனுக்கு ஒரே சந்தோஷம். துணைக்கு ஆள் கிடைத்துவிட்டதே.

இந்த லட்சணத்தில் பரீட்சைக்குப் போனாள். நான்தான் எறணாகுளம் கூட்டிப்போனேன். வெளியே வந்தவள் முகத்தில் ஈ ஆடவில்லை. பஸ் பாதி வழி வந்த பிறகுதான் சொன்னாள்.

"பேனாவ எடுத்துக் கமா போடப் போனாலே காதுக்குள்ள வார்டு மொத்தமும் கத்துது இச்சாயா. ஒரு இடத்துல நானே பதில் சொல்லிட்டேன் போல. பக்கத்து சீட்டுப் பொண்ணு சிலுவ போட்டுக்கிட்டா."

"சரி, கமா எல்லாம் போட்டியா?"

"எங்க போட? பயந்துபோய் பாதிக்கு மேல விட்டுட்டேன்."

முடிந்தது கதை. கமா அதிகம் போட்டே தோற்றவள், இப்போது போடாமலே தோற்கப்போகிறாள். அதனால் நான் உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் மூத்தவர், உங்கள் சொல்லை அவள் தட்ட மாட்டாள். இனி இந்தப் பரீட்சை வேண்டாம், உள்ளூர் ஆஸ்பத்திரியே போதும், உடம்பைப் பார்த்துக்கொள் என்று தங்கையிடம் நயமாகச் சொல்லுங்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கும் இதில் ஒரு சுயநலம் இருக்கிறது. அவள் ஜெயித்தால் முதலில் அவள் மட்டும் போவாள். என் காகிதங்கள் சரியாகி நான் வர எத்தனை மாதம் ஆகுமோ. அதுவரை ரப்பர் மரத்தோடும் அப்பச்சனோடும் நான் என்ன பேசுவேன்? கரண்டி எறிய யார் இருக்கிறார்கள்? வந்த பிறகு மட்டும் என்ன, அவள் வேலைக்குப் போக, நான் மீன்கறி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்க்க வேண்டும். மழை இங்கேயே இருக்கிறது. பயமாக இருக்கிறது அளியா, வேறொன்றுமில்லை.

சேச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். அப்பச்சன் உங்கள் எல்லோர் தலையிலும் கை வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். பசு உங்களை விசாரித்ததாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் நீங்கள் போனதிலிருந்து அது பால் குறைத்துவிட்டது நிஜம்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள அளியன்,
புன்னூஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முகவரியைத் தவிர எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் ஷிஜி இதைப் படித்துவிட்டாள். படித்து முடிக்கவும் அவள் போனில் முடிவு வந்து விழவும் சரியாக இருந்தது. ஜெயித்துவிட்டாள். எழுத்தில்தான் அதிக மார்க். சாபு சார் போனிலேயே குதிக்கிறார், ஒரு கமாகூட வீணாக விழவில்லையாம். "உங்க அப்பனுக்குப் பயந்தே தேவையில்லாதத எல்லாம் விட்டுட்டேன். நிறுத்தினா அவர் ஆரம்பிச்சுடுவார்னு நீங்கதானே சொன்னீங்க?" என்கிறாள். ஆக, ஜெயித்தது என் யோசனையால். தங்கையிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அங்கே எனக்கு அளவாக ஒரு தடித்த ஸ்வெட்டர் மட்டும் பார்த்து வையுங்கள். வயிறு நீங்கள் பார்த்ததைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது.

இன்று ஜெபம் முடிந்ததும் அப்பச்சனே, "மோளே, அந்த இங்கிலீஷ் புனிதரையும் ஒரு தடவ சொல்லிடு" என்றார். சொன்னாள். ஒவ்வொரு கமாவிலும் நின்றாள். அப்பச்சனும் ரோசக்குட்டி சேச்சியும் விடாமல் பதில் சொன்னார்கள். கடைசி வரிக்கு வந்ததும் காகிதத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே படித்தாள், தனியாக வீட்டில் விட்டுவிட வேண்டாம் என்று. நானும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றேன்.

"அங்க கமா இல்ல இச்சாயா" என்றாள். "ஆமென் சொன்னாப் போதும்."

சொன்னேன்.