கீறல் படாத பம்பர்

"ரப்பர் தொங்குதே, அதான் தைரியமா முட்டினேன்!" என்றான் பக்கத்து வீட்டு பெஸ்னிக், காரின் பின்னால் முட்டி நின்ற வேனிலிருந்து இறங்கியபடி.

தாசோஸுக்கு அழுகை வந்தது. நியூயார்க்கில், அஸ்டோரியாவின் அந்தத் தெருவில் வண்டியை ஓரங்கட்டும்போது முன்வண்டியை முட்டிய பிறகுதான் பிரேக் போடுவார்கள். கண்ணாடியைப் பார்த்து நிறுத்துகிறவனை வெளியூர்க்காரன் என்பார்கள். அதற்காகத்தான் டிக்கியிலிருந்து பின்பக்க பம்பரை மூடி ரப்பர் பாய் தொங்கவிட்டிருந்தான். அதுவே இப்போது வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது.

கார் அவனுடையதாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். மாமனார் மானோலிஸுடையது. ஈஸ்டருக்கு முழு ஆட்டைக் கம்பியில் கோத்து நெருப்பில் சுடும்போது அந்தக் கம்பியைத் திருப்பக்கூட மாப்பிள்ளையை விடாத மனிதர், குளிருக்குப் பயந்து புளோரிடா கிளம்பும்போது முதல்முறையாக நம்பி ஒரு பொருளைக் கொடுத்திருந்தார்.

"பதினோரு வருஷம், மாப்ளே. என் பம்பர்ல ஒரு கீறல் கிடையாது!"

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறார்.

தாசோஸ் ரப்பருக்கு மேல் இன்னொரு ரப்பர் கட்டினான். வண்டி ஒரு சாண் நீண்டுவிட்டது. இருந்த இடத்தில் அடங்காமல், வண்டி நிறுத்தக் கூடாத தீயணைப்புக் குழாயின் எல்லைக்குள் மூக்கை நீட்டியது. போலீஸ் அபராதச் சீட்டைச் செருகிவிட்டுப் போனது.

"நானே காவல் இருக்கேன்," என்று சனிக்கிழமை காலை காபியோடு காருக்குள் உட்கார்ந்தான்.

இடம் கிடைக்காமல் சுற்றுகிறவர்கள் கண்ணில், காருக்குள் உட்கார்ந்திருப்பவன் கிளம்பப்போகிறவன். ஒரு அம்மாள் அவன் பின்பக்கத்தை ஒட்டிக் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தாள்.

"கெளம்புறீங்களா தம்பி?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு உள்ள உக்காந்திருக்கீங்க? நெஞ்சுல ஈவு இரக்கம் இருக்கா?"

அவள் நகரவில்லை. அவள் பின்னால் ஆறு கார்கள் சேர்ந்து ஊதின. கடைசியில் அவள் கோபத்தில் வண்டியை வெடுக்கென்று முன்னால் எடுத்தாள். டொம்! இரண்டு ரப்பரும் கழன்று விழுந்தன. பம்பரில் கீறல் இல்லை. தாசோஸின் உயிர்தான் பாதி போயிருந்தது.

மெக்கானிக் வேலை பார்க்கிற பெஸ்னிக்கையே கெஞ்சிக் கூட்டிவந்தான்.

"கழட்டிக் குடுப்பா. நாளைக்குக் காலைல மாட்டிக்கலாம்."

"பம்பரையா? உனக்குக் கிறுக்கு முத்திப்போச்சு," என்றான் பெஸ்னிக். ஆனாலும் கழற்றினான்.

தாசோஸ் பம்பரை நாலு மாடி தூக்கிவந்து, கம்பளியில் சுற்றி, கட்டிலின் நடுவில் கிடத்தினான். தரையில் வைக்க மனம் வரவில்லை.

"அது அங்க படுத்தா நான் எங்க படுக்கறது?" என்றாள் மனைவி ரூலா.

"ஒரு ராத்திரிதானே, கண்ணு..."

அழைப்பு மணி அடித்தது. மாமனார் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார், மாமியார் ஸ்டமாதியாவோடும் இரண்டு கூடை ஆரஞ்சோடும்.

"கீழ என் வண்டி பின்னாடி மொட்டையா நிக்குது," என்றார் மானோலிஸ், மெதுவான குரலில். அந்த மெதுவுக்கு மொத்தக் குடும்பமும் நடுங்கும்.

தாசோஸ் படுக்கையறையைக் கைகாட்டினான்.

மானோலிஸ் உள்ளே போய்க் கம்பளியை விலக்கினார். விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினார். கண் கலங்கிவிட்டது. திரும்பிவந்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இந்த வருஷம் ஆட்டுக் கம்பியை நீதான் திருப்புறே, மாப்ளே!"

தாசோஸுக்கு மூச்சு வந்தது. ரூலாவுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"பம்பரைக் கட்டில்ல போட்டிருக்காரும்மா! நீயாவது கேளேன்!"

ஸ்டமாதியா ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னாள்:

"விடுடி, இது தெருவுக்குன்னு மாட்டுற நாலாவது டூப்ளிகேட்டு. அசல் பம்பர் பதினோரு வருஷமா எனக்கும் உங்கப்பாவுக்கும் நடுவுலதான் படுத்திருக்கு."